கணினி வந்த பாதை – 23: சேலத்தில் செல்லாத பேட்டன்ட்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் கோரிமேடு தாண்டினால் கொண்டப்பநாயக்கன்பட்டி. தலைக்கு மேலே சேர்வராயன் மலை. மேற்கே கருப்பூர், மாமாங்கம் பக்கம் போனால் வெள்ளைக்கல் சுரங்கங்களும், தோண்டிக் கொட்டிய கழிவுக்கல் மேடுகளும். இந்த வட்டாரத்தைத் தரையில் நின்று பார்ப்பதைவிட வானத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு. 1995 டிசம்பர் 28 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய நம் ஐ.ஆர்.எஸ்.-1சி செயற்கைக்கோள் எடுத்த படங்களில் மலைக்காடு சிவப்பாக இருக்கும். அச்சுப்பிழை இல்லை, தொலையுணர்வுப் படங்களில் செடிகொடிகளுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதுதான் வழக்கம். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் வெள்ளைக்கல் சுரங்கம்.

அந்தச் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமராவுக்கு ஒரு பிக்சல் என்றால் தரையில் 23.5 மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,800 பிக்சல் விழும். ஊர் அளவில் பார்த்தால் இது சின்னக் கணக்கு. ஆனால் படம் ஊர் ஊராக வராது. 141 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே சதுரமாக வரும்: 6,000 வரி, வரிக்கு 6,000 பிக்சல், ஒரு நிறப்பட்டைக்கு 3.6 கோடி. மூன்று பட்டை சேர்த்தால் நூறு மெகாபைட்டைத் தாண்டும். 1990-களின் நடுவில் 1 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர் வசதியானவர். 1.44 எம்பி பிளாப்பிகளில் இந்த ஒரு படத்தைப் பிரித்து ஏற்றினால் எழுபத்தைந்து பிளாப்பி வேண்டும்.

ஆக, சுருக்கியே தீர வேண்டும். எப்படிச் சுருக்குவது என்பதில்தான் விஞ்ஞானிக்கும் கல்யாண போட்டோக்காரருக்கும் வழி பிரிகிறது. ஜேபெக் முறை கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்கும். மாப்பிள்ளை சட்டையின் வெள்ளை கொஞ்சம் முன்னே பின்னே போனால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆய்வுப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவீடு. 'இது புஞ்சை, இது காடு, இது சுரங்கம்' என்று நிலப்பயன்பாட்டை வகை பிரித்து 1, 2, 3 என்று எண் போட்ட படத்தில் 3 என்பது 2.7 ஆனால் படம் குப்பை. ஓர் எண்கூட மாறாமல் திரும்பக் கிடைக்கும் முறை வேண்டும். அப்படி ஒரு முறை இருந்தது. அதன்மேல் ஒரு பேட்டன்டும் இருந்தது.

அந்த முறைக்கு எல்.இசட்.டபிள்யூ. என்று பெயர், மூன்று பேருடைய முதலெழுத்துகள். இஸ்ரேலியர்களான ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் இருவரும் 1977, 1978 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் அடிப்படையைப் போட்டார்கள். அமெரிக்காவின் ஸ்பெர்ரி நிறுவனத்தில் இருந்த டெர்ரி வெல்ச் அதைக் கைக்கு அடக்கமாக மாற்றி 1984 ஜூனில் ஒரு கணினிச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

தந்திரம் மிகச் சுலபம். வெள்ளைத் திட்டுக்கு மேலே ஓடும் ஒரு வரியில் பத்து பிக்சல் வரிசையாக ஒரே எண் என்று வையுங்கள். கணினி முதல் பிக்சலை அப்படியே எழுதுகிறது. எழுதும்போதே 'இரண்டு வெள்ளை' என்பதற்குத் தன் அகராதியில் ஒரு புது எண் போட்டுக்கொள்கிறது. அடுத்த இரண்டு பிக்சலுக்கு அந்த ஓர் எண் போதும். கூடவே 'மூன்று வெள்ளை'க்கு ஓர் எண் சேர்கிறது. அடுத்த மூன்றுக்கு அது. 'நான்கு வெள்ளை' சேர்கிறது. அடுத்த நான்குக்கு அது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: பத்து பிக்சலும் தீர்ந்தன, எழுதியவை நான்கே எண்கள். பிக்சலுக்கு 8 பிட் வீதம் 80 பிட் பிடித்த இடத்தில், எண்ணுக்கு 9 பிட் வீதம் 36 பிட். இதில் அழகு என்னவென்றால், அந்த அகராதியைக் கோப்போடு சேர்த்து அனுப்பவே வேண்டாம். விரிக்கிற கணினி எண்களைப் படிக்கப் படிக்க அதே அகராதியைத் தானாகவே கட்டிக்கொள்ளும்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கேமராவிலிருந்து வரும் கச்சாப் படத்தில் பக்கத்துப் பக்கத்து வெள்ளைகூட 231, 228, 233 என்று அலைபாயும். அங்கே இந்த முறைக்கு அவ்வளவு வேலையில்லை. வகை பிரித்த வரைபடம், மழைமேக அனிமேஷன், கோட்டு வரைபடம், ஒரே நிறம் பரந்து கிடக்கும் படம், இவைதான் இதற்குத் தீனி. ஆய்வுக்கூடங்களில் தினமும் வெளியே போகிற படங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

வெல்ச் 1983 ஜூன் 20 அன்று பேட்டன்டுக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான், ரப்பரைப் பதப்படுத்தும் அச்சைக் கணினி வைத்துக் கட்டுப்படுத்தும் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கணக்கு கலந்த கண்டுபிடிப்புகளுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தது. 1985 டிசம்பர் 10-இல் வெல்ச்சின் காப்புரிமை வந்தது. மறு ஆண்டு ஸ்பெர்ரியும் பர்ரோஸும் இணைந்து யூனிசிஸ் ஆனது. பேட்டன்டும் அதன் கைக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எம்.மின் மில்லர், வெக்மன் என்ற இருவர் வெல்ச்சுக்கு மூன்று வாரம் முன்னதாக, 1983 ஜூன் 1 அன்று, இதே முறைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 1989-இல் அவர்களுக்கும் காப்புரிமை கிடைத்துவிட்டது. ஒரே காணிக்கு இரண்டு பட்டா. நம் தாலுகா ஆபீஸில் இப்படி நடந்தால் எழுத்தரைத் திட்டுவோம்.

சஞ்சிகையில் வெல்ச்சின் கட்டுரையைப் படித்தவர்கள் பேட்டன்டைப் படிக்கவில்லை. யுனிக்ஸ்காரர்கள் 'கம்ப்ரெஸ்' என்ற நிரலை எழுதினார்கள். கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு 1987 ஜூனில் ஜிஃப் வடிவத்தைக் கொண்டுவந்தது. ஸ்கேனர் உலகத்தின் டிஃப் வடிவமும் 1988-இல் இதைச் சேர்த்துக்கொண்டது. செயற்கைக்கோள் படக்காரர்களுக்கு டிஃப்தான் சோறு. இப்படி ஏழெட்டு வருடம் ஊரே நடந்த பாதையில் 1994 டிசம்பர் கடைசி வாரம் சுங்கச்சாவடி முளைத்தது. ஜிஃப் எழுதும் மென்பொருளை விற்பவர்கள் உரிமக் கட்டணம் தரவேண்டும் என்று யூனிசிஸும் கம்ப்யூசர்வும் அறிவித்தன. கம்ப்யூசர்வ் வழியாக உரிமம் எடுத்தால் விற்பனை விலையில் 1.5 சதவீதம் அல்லது 15 சென்ட், இரண்டில் எது அதிகமோ அது.

வியாபார மென்பொருளுக்கு இது சில்லறைக் காசு. அடி விழுந்தது வேறு இடத்தில். பல்கலைக்கழகத்தில் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுக்கும் நிரலுக்கு விற்பனை விலையே கிடையாது. சதவீதம் எதன்மேல் போடுவது? எத்தனை பிரதி போனது என்று அவருக்கே தெரியாது. கணக்கு எப்படிக் கொடுப்பது? முதலில் இலவச நிரல்களை யூனிசிஸ் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1999-இல் அந்தத் தயவும் போயிற்று. உரிமம் பெறாத மென்பொருளில் செய்த ஜிஃப் படங்களைத் தளத்தில் வைத்திருந்தால் தளக்காரர் 5,000 டாலர் கட்டலாம் என்றது நிறுவனம். அன்றைய மதிப்பில் 2 லட்ச ரூபாய்க்கும் மேல். அந்த ஆண்டு நவம்பர் 5-ஐ ஜிஃப் எரிப்பு நாளாக அறிவித்தார்கள் அமெரிக்க நிரலாளர்கள்.

எரிப்பெல்லாம் நாடகம். உண்மையான சேதத்தை நிரல்களுக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

படம் வரையும் நிரல்களுக்கெல்லாம் அடித்தளமாக இருந்த ஜி.டி. நூலகத்திலிருந்து தாமஸ் பௌட்டல் 1999-இல் ஜிஃப்பை எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த க்னூபிளாட், பெர்ல் நிரல்களும் கூடவே இழந்தன. லிப்டிஃப் நூலகத்தில் சுருக்கும் பகுதியை வெட்டிவிட்டு, விரிக்கும் பகுதியை மட்டும் விட்டார்கள். சுருக்கித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்குத் தனிப் பொட்டலம், பொறுப்பு அவரவருடையது. லிபன்ஜிஃப் என்ற நூலகம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அகராதியே கட்டாமல், பிக்சலுக்கு ஓர் எண் வீதம் எழுதிவிட்டு அதை ஜிஃப் என்று கொடுத்தது. எந்தக் கணினியும் அதை ஜிஃப்பாகத் திறக்கும், பேட்டன்டையும் தொடவில்லை. மேலே பார்த்த பத்து வெள்ளை பிக்சலும் இதில் பத்து எண்களாகி 90 பிட் பிடிக்கும். சுருக்கும் வடிவத்தில் எழுதி, சுருக்காத படத்தைவிடப் பெரிதாக ஒரு கோப்பு! சட்டத்துக்குப் பயந்து பொறியாளர்கள் செய்த வேலைகளில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு.

விஞ்ஞானிகளின் கையில் இருந்த பெரிய கருவி ஐ.டி.எல். கொலராடோவின் போல்டர் நகரத்தில் டேவிட் ஸ்டெர்ன் 1977-இல் தொடங்கிய ரிசர்ச் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் மொழி. விண்மீன் நிறமாலையிலிருந்து வயல்வெளிப் படம் வரை அளவீடுகளை மேயும் மொழி அது. தொலையுணர்வுக்காரர்களுக்குப் பழக்கமான என்வி மென்பொருளும் அதில் எழுதியதுதான். படத்தைச் சேமிக்க 'ரைட்_ஜிஃப்' என்று ஒரு வரி போதும். 2000-இல் வந்த ஐ.டி.எல். 5.4 பதிப்பில் ஜிஃப்பையும், டிஃப்பில் இருந்த எல்.இசட்.டபிள்யூ. சுருக்கத்தையும் கழற்றிவிட்டார்கள், தனி உரிமம் பெற்றவர்களுக்கே அது வேலை செய்யும். ஆய்வு மாணவர் புதுப் பதிப்பை ஏற்றுகிறார். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த நிரல் கடைசி வரியில் நின்றுவிடுகிறது. கணக்கெல்லாம் சரி, படம் மட்டும் வராது. அவருடைய கணக்கில் பிழை தேடி ஒரு நாள் போயிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெல்ச்சின் பேட்டன்டுக்கு அமெரிக்காவுக்கு வெளியே இணைக் காப்புரிமைகள் இருந்த நாடுகள்: கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பேட்டன்ட் என்பது நாட்டுக்கு நாடு தனித்தனியாக வாங்குவது. வாங்காத நாட்டில் அதற்கு உயிரில்லை. சேலத்தில் ஒருவர் எல்.இசட்.டபிள்யூ. நிரலைத் தானே எழுதி, தன் ஊர்ப் படத்தைச் சுருக்கி, நண்பருக்குக் கொடுத்தால் யாரும் கேட்க முடியாது. ஆனால் நாம் நிரலைச் சொந்தமாக எழுதுவதில்லை. போல்டரில் வெட்டிய மென்பொருள்தான் குறுந்தட்டில் இங்கேயும் வரும். அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பு போட எந்தக் கம்பெனியும் மெனக்கெடாது. சட்டம் கப்பல் ஏறவில்லை. அதன் விளைவு ஏறிவிட்டது. மென்பொருள் காப்புரிமை பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதங்களில், 'இந்தியாவில் அனுமதி இல்லை, நமக்கென்ன' என்று முடித்துவிடுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கட்டணத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. அறிவிப்பு வந்த ஒரு வாரத்தில், 1995 ஜனவரி 4 அன்று, அதே பௌட்டல் மாற்று வடிவத்துக்கு ஒரு வரைவை வெளியிட்டார். பலர் கைகொடுத்து அது பிஎன்ஜி ஆனது. 1996 அக்டோபர் 1 அன்று முறைப்படி பரிந்துரையும் வந்தது. லெம்பெல்–சிவ் இருவரின் 1977-ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழிவந்த, பேட்டன்ட் சிக்கலைத் தவிர்த்த வேறொரு சுருக்கமுறை அதற்குள் இருந்தது. 256 நிறத்துக்கு மேல் தாங்கும், 16 பிட் அளவீடும் தாங்கும். ஆய்வுக்கு ஜிஃப்பைவிட இதுவே மேல். அனிமேஷன் மட்டும் அப்போது கிடையாது. அதனால்தான் ஜிஃப் சாகவில்லை.

ஜேபெக் கதை வேறு மாதிரி. அதில் நமக்குப் பங்கு உண்டு.

ஜேபெக்கின் இதயம் டி.சி.டி. என்ற கணக்கு. அதைச் சொன்ன கட்டுரை 1974 ஜனவரியில் வந்தது. நாலு பக்கத்துக்கு மேல் போகாது. எழுதியவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பிறந்தவர். காமிசெட்டி ராமமோகன ராவ் 1952-இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். இருவரும் 1966-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தார்கள். இந்தக் கணக்கை ஆராய 1972-இல் அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். யோசனை ரொம்ப எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுத, பணம் மறுக்கப்பட்டது. 1973 கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து வேலை செய்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மூவரும் அதற்குப் பேட்டன்ட் எடுக்கவில்லை. பத்திரிகையில் போட்டார்கள், உலகம் எடுத்துக்கொண்டது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1 தன் படங்களைத் தரைக்கு அனுப்புமுன் ஜேபெக் முறையில் சுமார் 3.2 மடங்கு சுருக்கியே அனுப்பியது. கிண்டியில் படித்தவர் கைபட்ட கணக்கு, விண்ணிலிருந்து நம் தெருவைச் சுருக்கியது.

அந்த இலவசக் கணக்கின்மேலும் ஒருவர் வசூலுக்கு வந்தார். ஃபார்ஜென்ட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் 2002 ஜூலையில், ஜேபெக் தன் பேட்டன்டுக்குள் வருகிறது என்றது. ராவ் பாடம் நடத்திய டெக்சாஸிலேயே, ஆஸ்டின் நகரத்தில் இருந்த நிறுவனம். பேட்டன்ட் அவர்கள் கண்டுபிடித்ததல்ல; 1986-இல் கம்ப்ரெஷன் லேப்ஸ் விண்ணப்பித்தது, அந்தக் கம்பெனியை வாங்கியபோது கூடவே வந்தது. டி.சி.டி. போட்டபின் மிஞ்சும் பூச்சியங்களை எப்படி எண்ணி எழுதுவது என்பதுதான் அதன் சாரம். முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 10 கோடி டாலருக்கும் அதிகமாகக் கட்டின. 2004 ஏப்ரலில் ஃபார்ஜென்ட் 31 நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டது. பப்பேட் என்ற பொதுநல அமைப்பு பழைய சான்றுகளைத் தோண்டிக் கொடுத்து மறு ஆய்வு கேட்க, 2006 மே மாதம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முக்கியமான உரிமைகோரல்களை நிராகரித்தது. நவம்பரில் மிச்ச வழக்குகள் 80 லட்சம் டாலருக்குச் சமரசமாயின. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வந்ததா? இல்லை.

இங்கே டெல்லியில் என்ன நடந்தது? 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கணிதமுறை, கணினி நிரல் 'தன்னளவில்' கண்டுபிடிப்பு ஆகாது என்ற 3(கே) பிரிவு நம் சட்டத்துக்குள் வந்தது. 2004 டிசம்பர் கடைசி வாரம், தமிழகக் கடற்கரை சுனாமியில் நிலைகுலைந்து கிடந்த நாட்களில், மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொழிலில் பயன்படும் நிரலுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்று அந்தப் பிரிவை அது தளர்த்தியது. இடதுசாரிகள் விடவில்லை. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்தத் தளர்வு உதிர்ந்துபோய், பழைய வாசகமே நின்றது. 'தன்னளவில்' என்ற அந்த வார்த்தைக்குள் எது அடங்கும் என்ற சண்டை ஓயவில்லை. 2016-இல் புது வன்பொருள் வேண்டும் என்றது காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டி. 2017-இல் அதைக் கைவிட்டது. 2019-இல் ஃபெரிட் அல்லானி வழக்கில், தொழில்நுட்ப விளைவு இருந்தால் ஒதுக்கக் கூடாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். தென்மாநிலங்களின் விண்ணப்பங்களைப் பார்க்கிற சென்னைக் காப்புரிமை அலுவலகம் இருப்பதும் கிண்டியில்தான்.

2005 திருத்தத்துக்குக் காரணம் உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் என்று எல்லாரும் அறிவோம். மருந்து விலைக்காக நாம் அதைத் திட்டினோம். அதே ஒப்பந்தம் யூனிசிஸுக்கு ஆறு மாதம் போனஸும் கொடுத்திருக்கிறது. பழைய அமெரிக்க விதிப்படி பேட்டன்டுக்கு வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. வெல்ச்சினுடையது 2002 டிசம்பர் 10-இல் முடிந்திருக்கும். ஒப்பந்தத்துக்காக அமெரிக்கா தன் விதியை விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு என்று மாற்றி, நடப்பில் இருந்தவற்றுக்கு இரண்டில் எது நீளமோ அதைக் கொடுத்தது. எனவே 2003 ஜூன் 20 வரை ஓடியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 2004 ஜூனில், கனடாவில் ஜூலையில் முடிந்தது. கனடாவும் முடிந்த அதே மாதம் ஜி.டி. நூலகத்தில் ஜிஃப் திரும்பி வந்தது. ஐ.டி.எல். 6.1-இலும் அந்த ஆண்டே வந்தது. ஐ.பி.எம்.மின் இரண்டாவது பட்டா 2006 வரை கிடந்தது. அதைக் காட்டி யாரும் கதவைத் தட்டவில்லை.

அப்போதைக்குள் செயற்கைக்கோள் படக்காரர்களுக்கு அடுத்த தலைவலி ஆரம்பமாகியிருந்தது. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மிஸ்டர்சிட் என்ற வடிவத்தில் லேண்ட்சாட் படங்கள் வரத் தொடங்கின. பார்க்க இலவசம். நீங்களே ஒரு படத்தை அந்த வடிவத்தில் சுருக்க வேண்டுமானால், எத்தனை மெகாபைட் சுருக்கினீர்கள் என்று மீட்டர் ஓடும், தீர்ந்தால் ரீசார்ஜ். அந்த மீட்டருக்கும் ஆஸ்திரேலியாவின் ஈசிடபிள்யூ வடிவத்துக்கும் நடந்த வழக்கு அடுத்த இதழில்.

(தொடரும்)